‘பாசேஜ்’: கடத்தலா, மறுவளர்ப்பா, நடவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பினாங்கில் அடுத்த வாரம் தொடங்கும் ஆய்வகப் பயிற்சிக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘மெசென்கைமல் ஸ்டெம் செல்’ என்பதற்கு ‘இடைநுழைத்திசுக் குருத்தணு’ என்பதை ஒருவழியாக ஏற்றுக்கொண்டோம். குடுவையில் வளர்ந்து நெருங்கிய உயிரணுக்களைப் பிரித்துப் புதிய குடுவைகளுக்கு மாற்றும் ‘பாசேஜ்’ என்பதற்கான சொல் மட்டும் இழுபறியாக நிற்கிறது.

கிள்ளான் ஐயா முன்மொழிந்த ‘கடத்தல்’ இலக்கணத்தில் குறையற்றது. ஆயினும் ஆள்கடத்தலையும் சிகரெட் கடத்தலையும் நாளேட்டில் படிக்கும் மாணவருக்கு ‘மூன்றாம் கடத்தல்’ என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஈப்போ அம்மையாரின் ‘மறுவளர்ப்பு’ எளிதில் புரியும். ஆனால் அது விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை.

தொப்புள்கொடியிலிருந்து பிரித்த உயிரணுக்கள் குடுவையின் அடியில் ஒட்டி, 37 பாகை செல்சியசிலும் 5 விழுக்காடு கரியமில வாயுவிலும் பெருகி, அடித்தளத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மூடியதும், ஒட்டியவற்றைப் பிடிவிடச் செய்யும் நொதியான டிரிப்சினை ஊற்றுகிறோம். கதிர்போல நீண்டு கிடந்தவை நுண்ணோக்கியின் கீழ் நம் கண்முன்னே உருண்டு திரள்கின்றன; குடுவையை மெல்லத் தட்டினால் பிடிவிட்டு மிதக்கின்றன. அவற்றைப் பங்கிட்டுப் புதிய குடுவைகளில் இடுகிறோம். நெருங்கி வளர்ந்த நாற்றைப் பறித்து இடம்விட்டு நடுவது வேறென்ன? செபராங் பிறை நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு ‘நடவு’ என்றால் விளக்கமே வேண்டாம்.

எண்ணிக்கையும் பொருந்துகிறது. முதல் வளர்ப்பைப் ‘பாசேஜ் 0’ என்கிறோம், அது நாற்றங்கால். அங்கிருந்து பெயர்த்தால் நடவு 1. நடவுகள் கூடக்கூட உயிரணுக்கள் தட்டையாகிப் பெருக்கம் தளர்வதால், ஒவ்வொரு குடுவையிலும் இவ்வெண்ணை எழுதியாக வேண்டும். எண்ணோடு இசையாத சொல் நமக்கு உதவாது.

‘நாற்று’ என்பது ‘நாறு’ என்னும் அடியில் பிறந்ததென்றும், பழந்தமிழில் நாறுதல் முளைத்தலையும் குறித்ததென்றும் கிள்ளான் ஐயா மூன்று மடல்களில் விரித்தெழுதினார். அவற்றை மகிழ்ந்து படித்தேன். ஆனால் மாணவர் கையில் எடுக்கப்போவது குடுவையைத்தான்.

பட்டர்வொர்த் ஆசிரியையின் மறுப்பே வலுவானது: நெல் நாற்றை ஒருமுறைதான் நடுவோம், இவற்றையோ மீண்டும் மீண்டும் பெயர்க்கிறோம். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ‘பெயர்ப்பு’ என்றால் மொழிபெயர்ப்பு முந்திக்கொள்கிறது. ‘மறுநடவு’ என்றால் நடவு 1 தடுமாறுகிறது.

வியாழன் இரவுக்குள் இதனினும் பொருத்தமான சொல் வராவிட்டால், கையேட்டில் ‘நடவு’ என்றே அச்சிட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘பாசேஜ்’ என்பதையும் உடன் தருவேன். ஆசிரியையின் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்க்க அவருடைய இசைவை வேண்டுகிறேன்.