பிரிகேட் போர்க்கப்பல் கட்டுமானத்தில் எங்கே இடறுகிறது? வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்

வடிவமைப்பு மேசை:
6,000 டன் பிரிகேட்டில் ஹல் (கப்பல் உடல்) வேலைதான் கண்ணுக்குத் தெரியும். மணி நேரத்தைத் தின்பது அதற்குள் போகும் பைப், கேபிள், ஏசி டக்ட். மூன்றுக்கும் வேண்டியது ஒரே கூரை இடம். மாடலில் இந்த மோதலைத் தீர்க்காமல் பிளேட் வெட்டினால், பல்க்ஹெட்டில் (அறைகளைப் பிரிக்கும் சுவர்) ஓட்டையை இரண்டாம் முறை போட வேண்டிவரும். யார்டுகளில் 1-3-8 என்று ஒரு கணக்கு உண்டு: ஒர்க்‌ஷாப்பில் 1 மணி நேர வேலை, அதுவே பிளாக்கில் (கப்பலாகச் சேர்க்குமுன் கட்டும் பெரிய துண்டு) 3, மிதக்கும் கப்பலில் 8.

அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் பிரிகேட்டைப் பாருங்கள். வடிவமைப்பு முடியாமலே 2022 ஆகஸ்டில் கட்ட ஆரம்பித்தார்கள். மூல வடிவமான ஃப்ரெம் என்ற ஐரோப்பிய பிரிகேட்டோடு 85 சதவீதம் ஒத்துப்போகும் என்றது 15-க்கும் கீழே இறங்கியது. எடை 759 டன் கூடிவிட்டது. எடை கூடினால் வேகம் மட்டுமா குறையும்? 25 வருடச் சேவையில் புது ரேடார், புது ஏவுகணை ஏற்ற வைத்திருந்த கையிருப்பும் அதிலேயே கரைந்துபோகும்.

ஹல் பிரிவு:
சூப்பர்ஸ்ட்ரக்சர் (மேல் டெக்குக்கு மேலுள்ள கட்டமைப்பு) பிளேட் 5 மி.மீ. அளவுக்கு மெலிசு. தேவைக்கு மேல் வெல்டு போட்டால் ஸ்டிஃப்னர் என்ற விறைப்புச் சட்டங்களுக்கு நடுவே பிளேட் உள்வாங்கி, விலா எலும்பு தெரிகிற மாட்டைப் போல நிற்கும். அழகுப் பிரச்சினை என்று விட முடியாது. ரேடார் அலையை ஒரே திசையில் திருப்பிவிடச் சாய்த்த சுவர் அலையலையாக இருந்தால் சாய்த்ததே வீண். நடுவிலிருந்து வெளிப்பக்கம், இரு பக்கமும் சமமாக, துண்டு துண்டாகப் பின்வாங்கி வெல்டு போடணும். பின்னால் சூடு காட்டி நிமிர்த்தலாம், ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப சூடு வைத்தால் இரும்பின் பலம் போகும்.

எலெக்ட்ரோடு விஷயத்தில் சமரசமே கிடையாது. லோ-ஹைட்ரஜன் வகையை 300–350 டிகிரியில் ஓவனில் காய வைத்து, சூடான குவிவரில் (குச்சி வைக்கும் குப்பி) எடுத்துப் போய், ஷிஃப்ட்டில் மிச்சம் வந்தால் திருப்பிக் கொடுக்கணும். ஈரம் ஏறிய குச்சி போட்ட வெல்டு அன்று பார்த்தால் பளபளவென்று நன்றாகவே இருக்கும். விரிசல் மெதுவாகத்தான் வரும். அதனால்தான் உயர்பலத் தடிப் பிளேட்டுக்கு அல்ட்ராசோனிக் சோதனையை 48 மணி நேரம் கழித்து வைக்கிறோம். அவசரப்படுத்துகிற பிளானிங் ஆட்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை!

ஷாஃப்ட் லைன்:
ஹல் அண்ணன் சொன்னதோடு ஒன்று. கட்டுத்தளத்தில் நேர் பார்த்த ஷாஃப்ட் (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டு), தண்ணீரில் இறங்கினதும் நேராக இருக்காது, ஹல்லே வளைகிறது. அதனால் கியர்பாக்ஸ் கப்ளிங்கின் இடைவெளியும் தொய்வும் மிதக்கவிட்ட பிறகு, பெரிய எடைகள் ஏறின பிறகு, மறுபடி பார்க்கணும். அதுவும் விடியற்காலையில். வெயில் ஏறினால் மேல் டெக் நீண்டு ஹல் நடுவில் தூக்கும், காலை எடுத்த ரீடிங்கும் மதிய ரீடிங்கும் ஒத்துப்போகாது. டேங்க் அளவு, டிராஃப்ட் (கப்பல் மூழ்கியிருக்கும் ஆழம்), வெப்பநிலை மூன்றையும் ரீடிங் தாளிலேயே எழுதாவிட்டால் அந்தத் தாளால் பயனில்லை. எல்லாம் சரிவந்த பிறகுதான் ரெசின் சாக் (இயந்திரத்துக்கு அடியில் ஊற்றி இறுகவிடும் பிசின்) ஊற்றணும். ஊற்றிவிட்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும்.

சத்தம்-அதிர்வு:
நீர்மூழ்கி தேடும் கப்பலுக்கு சத்தம்தான் எதிரி. டீசல் ஜெனரேட்டரை ராஃப்ட் என்ற தனி மேடையில் வைத்து, மேலும் கீழும் ரப்பர் மவுண்ட் போட்டு, ஒலிக்கூட்டுக்குள் மூடுகிறோம். அப்புறம் ஒரே ஒரு பைப் கிளாம்ப் ராஃப்டிலிருந்து ஹல்லுக்கு இறுக்கமாக நின்றால் மொத்தச் செலவும் வீண். தேட வேண்டிய இடங்கள்: ஏற்றும்போது வைத்த தற்காலிகப் பிடி வெட்டப்படாமல் நிற்கிறதா, கேபிள் தொய்வில்லாமல் இழுத்திருக்கிறதா, எர்த் ஸ்ட்ராப் விறைப்பாக இழுத்திருக்கிறதா, ராஃப்டுக்கு அடியில் வெல்டிங் குச்சித் துண்டோ நட்டோ சிக்கியிருக்கிறதா. பெயிண்ட் அடிக்கிறவர் மவுண்ட் ரப்பர் மேலும் சேர்த்து அடித்துவிடுவார், ரப்பர் இறுகிப்போகும். மவுண்ட் ஏறின அன்றே டேப் சுற்றி மறைப்பதுதான் வழி.

கேபிள் பிரிவு:
பல்க்ஹெட் துளைகளை யாரும் சொல்லவில்லையே. டிரான்சிட் ஃபிரேமில் (கேபிள் சுவரைக் கடக்கும் சட்டம்) ரப்பர் மாட்யூலின் அடுக்குகளைக் கேபிள் தடிமனுக்குத் தக்க உரித்து, கிரீஸ் தடவி, ஆப்பு இறுக்கணும். வினை வருவது கடைசி மாதங்களில்: புதுசாக ஒரு கேபிள் என்று ஃபிரேமைத் திறப்பார்கள், திருப்பி அடைப்பது அடுத்த ஷிஃப்ட் பொறுப்பு என்று போய்விடுவார்கள். முதல் நாளிலேயே காலி மாட்யூல் விடுங்கள். இன்சுலேஷன் ஏறுவதற்கு முன் அறையைக் காற்றழுத்தம் ஏற்றிச் சோதிக்கணும். அதற்கப்புறம் திறந்த ஃபிரேமை மறுபடி சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நார்வேயின் ஹெல்கே இங்ஸ்டாட் 2018 நவம்பர் 8 அன்று எண்ணெய்க் கப்பலோடு மோதியபோது, பின்பக்க ஜெனரேட்டர் அறையில் புகுந்த தண்ணீர் உட்துளை ஷாஃப்ட் வழியாகவே கியர் அறைக்கு வந்தது. அங்கிருந்து பல்க்ஹெட் ஸ்டஃபிங் பாக்ஸ் (ஷாஃப்ட் சுவரைக் கடக்கும் இடத்தின் நீரடைப்பு) வழியாக என்ஜின் அறைகளுக்கு. பல்க்ஹெட் நின்றது, துளைகள் நிற்கவில்லை.

நிலைத்தன்மை:
எடையைத் தாளில் எவ்வளவு கூட்டினாலும், உண்மையைச் சொல்வது சாய்வுச் சோதனை. 6,000 டன் கப்பலில் 20 டன் எடையை 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்த்துகிறோம், 4 மீட்டர் ஊசல் 10 செ.மீ. விலகுகிறது என்று வையுங்கள். ஜிஎம் (சாய்ந்த கப்பல் நிமிரும் திறனின் அளவு) சுமார் 1.33 மீட்டர். அளவுகோலை 5 மி.மீ. தப்பாகப் படித்தால் 5 சதவீதம், அதாவது 6–7 செ.மீ. பிசகு. ஆகவே ஒரு ஊசல் போதாது, மூன்று தொங்கவிடுங்கள். ஒவ்வொரு டேங்கும் முழுக்கக் காலியாகவோ முழுக்க நிரம்பியோ இருக்கணும். பாதி இருந்தால் எண்ணெய் ஓடி ரீடிங்கைக் கெடுக்கும். கட்டுக்கயிறு தளர்வாக, கரைப்படி விலக்கி, காற்று அடங்கிய நேரத்தில்.

வடிவமைப்பு மேசை:
சார், ஊசல் நிற்கவே மாட்டேன் என்று ஆடினால்?

நிலைத்தன்மை:
குண்டில் இறக்கை வைத்து எண்ணெய்த் தொட்டியில் முக்குங்கள், தண்ணீரைவிடச் சீக்கிரம் அடங்கும். குண்டு தொட்டியின் சுவரைத் தொடுகிறதா என்று ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பாருங்கள். தொட்டுக்கொண்டு நிற்கிற ஊசல்தான் ரொம்ப அசையாமல் இருக்கும்.