'ஐ ஆம் ஹேவிங் எ கார்': தவறா, நம்ம ஊர் ஆங்கிலமா?

மேலூர்க்காரன்:
நேற்று நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். 'ஐ ஆம் ஹேவிங் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஆரம்பித்ததுமே எதிரே இருந்தவர் நிறுத்தி, 'ஐ ஹேவ் என்று சொல்லுங்கள்' என்றார். அதற்கப்புறம் எனக்குப் பேச்சே வரவில்லை. நான் படித்த இடத்திலும் வேலை பார்த்த இடத்திலும் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள், ஒருத்தரும் திருத்தியதில்லை. இத்தனை பேர் பேசுவது எப்படித் தவறாகும்?

வகுப்பறை:
தம்பி, பேச்சின் நடுவே நிறுத்தித் திருத்தியது முறையில்லை. ஆனால் திருத்தம் சரிதான். ஹேவ் என்ற வினைக்கு இரண்டு முகம் உண்டு. கார், வீடு, பிள்ளைகள், காய்ச்சல், அனுபவம், சந்தேகம் என நம்மிடம் இருப்பதைச் சொன்னால் ஐ ஹேவ். சாப்பிடுவது, காபி குடிப்பது, கூட்டம் நடத்துவது என ஒரு செயல் நடந்துகொண்டிருந்தால் ஐ ஆம் ஹேவிங். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, 'ஐ ஆம் ஹேவிங் எ கார்' தவறு. இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பனைமரம்:
டீச்சர், தவறு என்று எந்த நாட்டு அளவுகோலை வைத்துச் சொல்கிறீர்கள்? 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், யோவான் 10:10-இல், இயேசு 'ஐ ஆம் கம்' என்கிறார். நம்முடைய 'வந்திருக்கிறேன்' மாதிரியே, இருத்தலை வைத்து. இன்று அதுவே 'ஐ ஹேவ் கம்' ஆகிவிட்டது. 'த ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று இப்போது எல்லோரும் எழுதுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் பலர் அதை அசிங்கமான ஆங்கிலம் என்று திட்டினார்கள், 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பதுதான் சரி என்றார்கள். பேசுகிறவர்கள் விடவில்லை, இலக்கணம் வழிவிட்டது. அந்த உரிமை நமக்கு மட்டும் ஏன் இல்லை?

வகுப்பறை:
வரலாறு சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றம் நிலைபெற எத்தனை காலம் ஆனது! என் மாணவிக்கு, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அடுத்த மாதம். அந்தத் தேர்வின் எழுத்துப் பகுதியில் நான்கில் ஒரு பங்கு இலக்கணத்துக்கு. 'இது இந்திய ஆங்கிலம்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதிவைக்க அவளால் முடியாது.

பனைமரம்:
ஒரு அமெரிக்க பர்கர் நிறுவனம் தன் விளம்பரத்தில் 'ஐ ஆம் லவிங் இட்' என்று 2003-லிருந்து சொன்னால் அழகு. மேலூர்த் தம்பி சொன்னால் பிழை. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

வகுப்பறை:
'இந்த நிமிடம் ரசித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளுக்காகத் தெரிந்தே மீறியது அது. நம் பிள்ளைகளுக்கு முதலில் விதி தெரியட்டும், அப்புறம் மீறட்டும்.

இரவு_ஷிப்ட்:
வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதுதான் என் வேலை. பொருள் புரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் பேச்சுவாக்கில் 'மை வைஃப் இஸ் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்றேன். அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரட்டைப் பிள்ளையா, எத்தனையாவது மாதம், மனைவி நன்றாகச் சாப்பிடுகிறாரா என்று அக்கறையாக விசாரித்தார். என் பையன் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான், பெண் நான்காவது. ஆங்கிலத்தில் 'இஸ் ஹேவிங் எ பேபி' என்றால் பிள்ளை பிறக்கப்போகிறது என்று பொருள். 'ஹேஸ் எ பேபி' என்றால்தான் கையில் குழந்தை இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பனைமரம்:
சரி, இந்த இடத்தில் பொருளே மாறிவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஹேவிங் த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதில் என்ன குழப்பம்? அங்கே அளந்தது தம்பியின் வேலைத்திறனை இல்லை, அவர் எந்த மாதிரிப் பள்ளியில் படித்தார் என்பதை. என் கோபம் அதன் மேல்தான்.

கரிசல்:
இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று யாரும் பேசவில்லையே. தமிழில் ஹேவ் என்பதற்குத் தனி வினையே இல்லை. 'எனக்கு' என்று கு உருபு போட்டு 'இருக்கிறது' என்று முடிக்கிறோம், இல்லாவிட்டால் 'கார் வைத்திருக்கிறேன்' என்கிறோம். இந்த 'வைத்திருக்கிறேன்' காதுக்கு 'வைத்துக்கொண்டிருக்கிறேன்' மாதிரியே கேட்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் 'ஆம் ஹேவிங்' வந்து நிற்கிறது. 'தெரியும்' என்பதில் இந்த இழுவை இல்லை, அதனால் 'ஐ நோ' நமக்குத் தானாக வருகிறது என்பது என் ஊகம். அதனால் திருத்துகிற வழியும் தமிழிலேயே இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப்பாருங்கள். 'கொண்டிருக்கிறேன்' இயல்பாக உட்கார்ந்தால் ஹேவிங். காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், ஐ ஆம் ஹேவிங் காபி. தலைவலி இருந்துகொண்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, அதனால் ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.

வகுப்பறை:
இதை நான் இப்படிச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. 'ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை போன்' கூட இதில் அடங்குகிறது, போனோடு சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இரவு_ஷிப்ட் சொன்ன பிள்ளைப்பேறு அடங்காது. அதைத் தனியாகத்தான் மனதில் வைக்க வேண்டும். நாளைய கூட்டத்துக்கு 'வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங் டுமாரோ' என்பதும் சரிதான், முன்பே ஏற்பாடு செய்த செயல் என்பதால்.

பனைமரம்:
கரிசல் சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. யாரையும் கூசவைக்காமல் திருத்துகிறது. ஆனாலும் பேச்சில் 'ஹேவிங் எ டவுட்' சொல்கிறவரை நான் நிறுத்த மாட்டேன்.

வகுப்பறை:
பேச்சில் நிறுத்த வேண்டாம். எழுத்தில் நான் சிவப்பு மை போடுவேன்.

மேலூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்னொரு இடத்தில் வியாழக்கிழமை தேர்வு இருக்கிறது. கடைசியில் நம்மையும் கேள்வி கேட்கச் சொல்வார்களே, அப்போது 'டஸ் த டீம் ஹேஸ் எ ட்ரெய்னிங் ப்ரோக்ராம்?' என்று கேட்கலாமா?

வகுப்பறை:
டஸ் வந்துவிட்டால் ஹேஸ் வேண்டாம் தம்பி, அந்த 'ஸ்' ஏற்கெனவே டஸ்ஸுக்குப் போய்விட்டது. 'டஸ் த டீம் ஹேவ்' என்று கேளுங்கள். புதன்கிழமை இரவுக்குள் இன்னும் ஐந்தாறு வாக்கியம் எழுதி இங்கே போடுங்கள், பார்த்துத் தருகிறேன்.