டிராக்டர் ஸ்லாஷருக்கு ஷாஃப்ட் உறை தேவை

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் களை வெட்ட, டிராக்டரில் மாட்டும் பழைய ரோட்டரி ஸ்லாஷர் வாங்கியிருக்கிறோம். டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை ஸ்லாஷருக்குக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை இல்லை. ஷாஃப்ட் சுற்றுவது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. தோளில் போடும் துண்டின் நுனி சிக்கினாலே ஆளை இழுத்துவிடும். ஓட்டுகிற தம்பியை லுங்கி வேண்டாம், பேன்ட் போட்டு வா என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் உறை இல்லாமல் ஓட்டவிட மனம் வரவில்லை. உறை மட்டும் தனியாகக் கோவை, உடுமலையில் எங்கே கிடைக்கும்? அளவு எப்படி எடுப்பது?

அப்புறம், கல் தெறிக்காமலிருக்கப் பின்பக்கம் சங்கிலித் திரை மாட்டியவர்கள் படம் போடுங்கள். பிடிஓவை நிறுத்திய பிறகும் பிளேடு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. தேங்காய் பொறுக்குகிறவர்களை எவ்வளவு தூரம் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள்?