ஆடியில் கேட்ட மேளம்

எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் விடியற்காலை நான்கரைக்குக் குழாய் ஒலிபெருக்கி தெருவையே எழுப்பிவிடும். பத்தொன்பது வருடமாக நாகஸ்வரம் என் காதில் விழுந்திருக்கிறது. கேட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆடி பிறந்ததும் மண்டபத்துக்குப் பூட்டு. இந்த வருடம் ஆடி முதல் தேதி, பழக்கதோஷத்தில் நான்கரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தெரு நிசப்தமாக இருந்தது. கைபேசியில் எதையோ தேடப்போய் நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் அகப்பட்டது. ஆடி முடியும்வரை காலையில் மேளம் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். (நாதஸ்வரமா நாகஸ்வரமா நாயனமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் மேளம் என்றுதான் சொல்வோம்.) எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆரம்பித்தால் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. காப்பியைக்கூட முன்னதாகவே கலந்து வைத்துக்கொள்வேன்.

மாதம் முடிந்து பார்த்தால் மனத்தில் தங்கியவை சிலதான். முதலிடம் அந்தத் தோடிக்கே. மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் என்று பெயர் வாங்கிய மனிதரை, ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம் மட்டுமே கொள்ளும் பழைய இசைத்தட்டில் அடைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாளும் ஊசி உரசும் கரகரப்புதான் எனக்குக் கேட்டது. மூன்றாம் நாள், ஒரே காந்தார ஸ்வரத்தை அவர் அசைத்து அசைத்து, விடாமல் வைத்திருந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காப்பி ஆறியது. அந்தக் கனத்துக்கு வாத்தியமும் ஒரு காரணம். முன்பு புழக்கத்தில் இருந்த திமிரி நாயனம் குட்டை, சுருதியும் உசத்தி. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனத்தை ராஜரத்தினம் கையில் எடுத்த பிறகுதான் இந்த ஆழ்ந்த குரல் எல்லாருக்கும் பழக்கமாயிற்று.

அடுத்தது, 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’. “சினிமாப் பாட்டெல்லாம் உங்கள் கணக்கில் சேருமா?” என்று மனைவி கேட்டாள். சேரும். ஆபேரி ராகத்தில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும். கடைசிப் பகுதியில் ஜானகி ஒரு பிடியை விடும்போதே இவர் அதை ஏந்திக்கொள்கிறார். குரல் எங்கே நின்றது, நாயனம் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கப் பத்துத் தடவையாவது திருப்பிக் கேட்டிருப்பேன். ஒரு தடவையும் பிடிபடவில்லை. படம் வந்து இரண்டே வருடத்தில், 1964-இல், காருகுறிச்சியார் போய்விட்டார்.

மூன்றாவது மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது, கம்பீரநாட்டை ராகத்தில். சாகித்தியம், அதாவது பாட்டு வரி, கிடையாது. இதைச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி கேட்க முடியவில்லை. கால் தரையைத் தட்டித் தட்டி, கடைசியில் எழுந்து நின்றுவிட்டேன். நிபந்தனை முறிந்த நாள் அது ஒன்றுதான்.

ஷேக் சின்ன மௌலானா ஒரு வாரம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் ஒரு வாரம். இரண்டும் நிறைவு. ‘நலந்தானா’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அதில் என் காது சுசீலாவிடமும் கண் பத்மினியிடமும் போய்விடுகிறது, நாயனத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அதே தில்லானா மோகனாம்பாளில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்காக வாசிக்கும் ‘இங்கிலீஷ் நோட்’டுக்குத்தான் என் ஓட்டு. மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் அதில் குறும்பே செய்திருக்கிறார்கள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மறுபடி நான்கரை மணி, மறுபடி ஒலிபெருக்கி. வாசித்தவர் யாரோ தெரியாது, பேகடாவை எடுத்திருந்தார். பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். ராகம் மேலே ஏறிய நேரம் பார்த்து, “மாப்பிள்ளை வீட்டார் காப்பி சாப்பிட வரலாம்” என்று ஒருவர் மைக்கில் அறிவித்தார். அந்த மண்டபத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. இது புதிய கோபம்.

நீங்கள் இந்த மாதம் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்?

*

ஆடுதுறைப் பக்கத்திலிருந்து:

நரசிங்கம்பேட்டை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் தாத்தா வீட்டைப் பிரித்தபோது அந்த ஊரிலிருந்து ஓர் ஆசாரி வந்திருந்தார். தேக்குக் கதவுகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே இறக்கிப் போட்டிருந்த உத்திரங்களின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஆச்சா மரம்தான் நாயனத்துக்கு ஆகும், அதுவும் பழைய வீட்டு மரமாக இருக்க வேண்டும் என்றார். “இனிமேல் இது வெடிக்காது அம்மா, வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம்” என்று சொல்லி இரண்டு உத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா விலை பேசவில்லை.

இந்த மாதம் நான் அதிகம் கேட்டது நீலாம்பரி ராகம். கோயிலில் பள்ளியறைக்கு வாசிப்பார்களே, அதுதான். பேரனைத் தூங்கவைப்பதற்காகப் போட்டேன். பாதி நாள் நான்தான் முதலில் தூங்கினேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஆடியில் மேளம் இல்லை என்று அண்ணன் எழுதியதைப் படித்துச் சிரித்தேன். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேறும். பிறகு இருபத்தைந்து நாள் திருவிழா. எங்களுக்கு மேளம் கேட்கும் காலமே அதுதான்.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். இவ்வளவு எழுதியும் தவிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? இந்த மாதம் முழுவதும் நான் கேட்டது தவில் மேதை தட்சிணாமூர்த்தியை. 1975-இல் காலமானவர், தமிழகத்து வித்துவான்களுக்கும் வாசித்தவர். ஒலிப்பதிவில் நாயனம் முன்னே நிற்கும், தவில் எங்கோ தூரத்தில் கேட்கும். கைபேசியில் கேட்டால் பாதி தொலைந்துபோகும் என்று மகனின் பெரிய ஒலிபெருக்கியை வாங்கிவந்து முன்விறாந்தையில் வைத்தேன். ஒரு கையில் விரல்களுக்குக் கூடு, மற்றக் கையில் பூவரசங்கழி. இந்த இரண்டைக் கொண்டு அந்த மனிதர் தனியாக வாசிக்கும்போது காட்டும் வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேகத்தின் நடுவே ஒரு கணம் கையை எடுத்துவிடுவார். வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டேன். பக்கத்து வளவு அம்மம்மா, “ஏன் தம்பி, வீட்டில் ஏதும் விசேஷமோ?” என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

*

முதலில் எழுதியவர்:

தவிலை விட்டது என் பிழைதான் தம்பி. இன்று காலை அதே மல்லாரியை மறுபடி போட்டு, நாயனத்தைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். பாதியில் புரிந்தது. அன்றைக்கு என் கால் தட்டியதெல்லாம் தவிலுக்கு.