20 மி.மீ. கன்மெட்டல் புஷ்: எச்7 ரீமர் ஓட்டியும் ஷாஃப்ட் ஏறவில்லை. எஃப்7 ரீமர் வாங்கலாமா?

லேத்_பட்டறை (கேள்வி)

வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் பிரஸ் அடிக்கிற (இறுக்கமாக அழுத்தி ஏற்றுகிற) கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், ஷாஃப்ட் இதற்குள் சுற்றும். உள்விட்டம் 20, வெளிவிட்டம் 26, நீளம் 30 மி.மீ. ஷாஃப்ட் கடையில் வாங்கின கிரவுண்ட் ராடு, எச்6, அளந்தால் 19.991. கிரீஸ் போட்டு மெதுவாகச் சுற்றும் வேலை.

லேத்திலேயே எச்7 மெஷின் ரீமர் (துளையைக் கடைசி அளவுக்கு வெட்டும் பல் டூல்) ஓட்டியதில் துளை 20.012 வந்தது. ஹவுசிங் துளை 26.008, புஷ் வெளிவிட்டம் 26.045. பிரஸ் அடித்த பிறகு உள்விட்டம் 19.980 ஆகிவிட்டது. அதே ரீமரை மறுபடி ஓட்டினால் வாய்ப்பக்கம் 20.025, நடுவில் 19.995. ஷாஃப்ட் பாதி போய் இறுகிக்கொள்கிறது.

இதுக்கு எஃப்7 ரீமர் வாங்கினால் சரியாகுமா? இல்லை 20.03 என்று சொல்லி ஸ்பெஷல் ரீமர் செய்யணுமா? ரீமர் மேல் இருக்கும் எச்7-க்கு சரியான அர்த்தம் என்ன?

டூல்ரூம்_பென்ச்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். ரீமர் மேல் அடித்திருக்கும் எச்7 நீங்கள் போடப்போகும் துளையின் டாலரன்ஸ், அதாவது அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற எல்லை. துளைக்குப் பெரிய எழுத்து (H7, F7), ஷாஃப்ட்டுக்கும் வெளிவிட்டத்துக்கும் சின்ன எழுத்து (h6, f7); பேச்சில் ரெண்டும் ஒரே மாதிரி கேட்கும், அளவு வேறு. ரீமரின் விட்டம் வேறு. 20 எச்7 துளை 20.000 முதல் 20.021 வரை. ரீமர் கொஞ்சம் பெரிதாகவே வெட்டும், தேயவும் தேயும். அதனால் டின் 1420 (ரீமர் அளவுக்கான ஜெர்மன் தரநிலை) கணக்கில் ரீமரின் மேல் எல்லையை துளையின் மேல் எல்லையிலிருந்து டாலரன்ஸில் 15 சதவீதம் கீழே வைக்கிறார்கள். அங்கிருந்து 35 சதவீதம் இறங்கினால் கீழ் எல்லை. 20 எச்7-க்கு 3.15 மைக்ரானை (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) 4 ஆகவும், 7.35-ஐ 8 ஆகவும் மேலேற்றி எடுப்பார்கள். ஆக புது ரீமர் 20.009 முதல் 20.017 வரை இருக்கும். உங்களுக்கு 20.012 வந்ததில் ரீமரைக் குறை சொல்ல இடமே இல்லை.

அடுத்தது ஃபிட், அதாவது துளையும் ஷாஃப்ட்டும் எவ்வளவு இடைவெளியில் பொருந்துகிறது என்பது. எச்7 துளையில் எச்6 ஷாஃப்ட் போட்டால் இடைவெளி 0 முதல் 34 மைக்ரான் வரை. கையால் தள்ளி வைக்கும் லொகேஷன் வேலைக்கு அது போதும். சுற்றுகிற புஷ்ஷுக்கு, கன்மெட்டலில் விட்டத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழைய வழக்கம். 20-க்கு 20 மைக்ரான். ஷாஃப்ட்டை நீங்களே கிரைண்ட் செய்தால் துளையை எச்7-ல் வைத்து ஷாஃப்ட்டை எஃப்7-க்கு (19.959 முதல் 19.980) இறக்கலாம். ரெடிமேட் ராடு எச்6-ல்தான் வரும் என்றால் ஷாஃப்ட்டைத் தொட முடியாது, துளையைத்தான் பெரிசாக்கணும். எஃப்7 துளை 20.020 முதல் 20.041, எச்6 ஷாஃப்ட்டோடு சேர்ந்தால் இடைவெளி 20 முதல் 54. உங்கள் வேலைக்கு அதுதான் பொருத்தம்.

அதனால் எஃப்7 ரீமர் வாங்குங்கள் (20.029 முதல் 20.037 வரை இருக்கும்). ஸ்பெஷல் வேண்டாம். ஆனால் அதையும் பிரஸ் அடிக்கும் முன்னால் ஓட்டினால் இதே கதைதான்.

போரிங்_பார்

மேலே சொன்னதில் கடைசி வரிதான் முக்கியம். கணக்கைப் பாருங்கள்.

ஹவுசிங் 26 எச்7 என்றால் 26.000 முதல் 26.021. புஷ் வெளிவிட்டம் எஸ்6 (s6) என்றால் 26.035 முதல் 26.048. இறுக்கம் குறைந்தது 14, அதிகபட்சம் 48 மைக்ரான். மெல்லிய சுவர் புஷ், கெட்டியான ஹவுசிங் என்றால் அந்த இறுக்கத்தில் முக்கால் பங்கு முதல் முழுசும் உள்விட்டத்தில் வந்து உட்காரும். உங்களுடையது 37 மைக்ரான் இறுக்கம், 32 சுருக்கம். சரியாக அந்தக் கணக்குக்குள். அதாவது துளை ஒரு புஷ்ஷில் 10 சுருங்கும், இன்னொன்றில் 48 சுருங்கும். எச்7-க்கோ எஃப்7-க்கோ மொத்த டாலரன்ஸே 21 மைக்ரான்தான். முன்கூட்டியே ரீம் செய்து அந்த 21-க்குள் நிற்கவைக்க வழியே இல்லை.

ரெண்டாவது தடவை ஓட்டினது ஏன் கெட்டது? 19.980 துளையில் 20.012 ரீமர். விட்டத்தில் 32 மைக்ரான், ஒரு பக்கத்துக்கு 16. அதையும் ஆறு எட்டு பல் பங்கு போட்டுக்கொண்டால் எதுவும் வெட்டாது, தேய்க்கும். கன்மெட்டல் பின்வாங்கி, ரீமர் போன பிறகு திரும்பி வந்து நிற்கும். நடுவில் 19.995 அதனால்தான். வாய் பெரிசானது வேறு விஷயம்: டெயில்ஸ்டாக் சென்டர் விலகியிருக்கு, இல்லாவிட்டால் ரீமரை டிரில் சக்கில் இறுக்கமாகப் பிடித்திருக்கீங்க. ஃப்ளோட்டிங் ஹோல்டர் (ரீமரைக் கொஞ்சம் அசையவிடும் பிடி) போடுங்கள்.

செய்யும் முறை: புஷ்ஷை சிங்கிள் பாயின்ட் டூலால் 19.85-க்கு போர் செய்யுங்கள். டிரில் மட்டும் போட்டு விடாதீர்கள். ரீமர் இருக்கிற துளையின் பின்னாலேயே போகும், கோணலை நேராக்காது. வெளிவிட்டத்தில் நுழையும் முனைக்கு 15 டிகிரி சாய்வு. பிரஸ் அடிக்க ஸ்டெப் வைத்த மாண்ட்ரல் (புஷ்ஷைத் தாங்கும் உருளைத் தண்டு), துளைக்குள் போகும் பகுதி 19.70. அடித்த பிறகு துளை 19.80 முதல் 19.84-க்குள் நிற்கும். எஃப்7 ரீமருக்கு விட்டத்தில் சுமார் 0.2 மி.மீ. கிடைக்கும், அது வெட்டப் போதுமான தடிமன்.

ஹை ஸ்பீடு ஸ்டீல் ரீமர் என்றால் நிமிஷத்துக்கு 12 மீட்டர் வேகம், 20 விட்டத்துக்கு 190 ஆர்.பி.எம். ஃபீட் ஒரு சுற்றுக்கு 0.3 முதல் 0.4. நடுங்கினால் வேகத்தைக் குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போது ஸ்பிண்டிலை ரிவர்ஸ் போடவே கூடாது. பல்லுக்குப் பின்னால் சிப் சிக்கி முனை உடையும். ஸ்டீலில் ஓடித் தேய்ந்த ரீமரை கன்மெட்டலுக்குக் கொண்டுவரவும் கூடாது. கன்மெட்டலுக்கு என்று கூர் போகாத ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேத்_பட்டறை

விளங்கியது, நன்றி. ஏற்கெனவே அடித்து இறக்கின புஷ்ஷை என்ன செய்வது? பிடுங்கினால் ஹவுசிங் துளை கெடும் என்று பயம்.

டூல்ரூம்_பென்ச்

பிடுங்க வேண்டாம். நடுவில் 19.995 இருக்கிறது, 20.030-க்குப் போகணும், 35 மைக்ரான்தான். எஃப்7 மெஷின் ரீமரும் இதில் தேய்க்கத்தான் செய்யும். ஹவுசிங்கை டயல் வைத்து செட் செய்ய முடிந்தால் போரிங் பாரால் ஒரே வெட்டு. முடியாவிட்டால் அட்ஜஸ்டபிள் ஹேண்ட் ரீமர்; முன்பக்கச் சாய்வு நீளமாக இருப்பதால் சின்ன வெட்டுக்கே ஆனது. ஒவ்வொரு தடவையும் நட்டைக் கொஞ்சம் திருப்பி, கையால், பின்னால் சுற்றாமல். எமரி பேப்பர் சுற்றிய குச்சி மட்டும் வேண்டாம். எமரித் துகள் கன்மெட்டலில் புதைந்து நின்று ஷாஃப்ட்டைத் தின்னும்.

அளக்க வெர்னியர் உதவாது. மைக்ரோமீட்டரில் செட் செய்த போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) எடுங்கள், புஷ் ஆறினபிறகு அளங்கள். 10 டிகிரி சூட்டுக்கே 20 மி.மீ. கன்மெட்டல் மூன்றரை மைக்ரானுக்கு மேல் பெரிசாகும்.

கேஜ்_பிளாக்

ரெண்டு சேர்க்கை.

ரெடிமேட் கன்மெட்டல் புஷ் வாங்கினால் ஐ.எஸ்.ஓ. 4379 (புஷ் அளவுக்கான சர்வதேசத் தரநிலை) படி உள்விட்டம் இ6 (20-க்கு 20.040 முதல் 20.053) இருக்கும். எச்7 ஹவுசிங்கில் அடித்தால் சுருங்கி சுமார் எச்8-ல் நிற்கும். சாதாரண வேலைக்கு ரீமரே தேவையில்லை. எண்ணெய் ஊறிய சின்டர்ட் (உலோகப் பொடியை அழுத்திச் சுட்ட) புஷ் என்றால் ரீமர் போடவே கூடாது. மேல்பரப்பு பூசிக்கொண்டு நுண்துளைகள் அடைபடும், எண்ணெய் வெளியே வராது. அதற்கு சைஸ் செய்த மாண்ட்ரலோடு சேர்த்துப் பிரஸ் அடிப்பதுதான் வழி.

இன்னொன்று, எஃப்7 துளைக்கு மாறினால் பிளக் கேஜையும் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் கேஜ்; கோ பக்கம் போகணும், நோ-கோ பக்கம் போகக்கூடாது) மாத்துங்கள். 20 எச்7 கேஜின் நோ-கோ பக்கம் 20.021, சரியான எஃப்7 துளையில் அது வழுக்கிக்கொண்டு போகும், இன்ஸ்பெக்ஷனில் நல்ல புஷ்ஷையே ரிஜெக்ட் செய்துவிடுவார்கள். எஃப்7-க்கு கோ 20.020, நோ-கோ 20.041. டிராயிங்கிலும் "பிரஸ் அடித்த பிறகு 20 எஃப்7" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.