கொடைக்கானல் வெயிலுக்கு வைட்டமின் சி சீரம்: 600 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?

கேரட்தோட்டம், வில்பட்டி

வணக்கம். எனக்கு வயது 33. வில்பட்டியில் எங்கள் தோட்டத்தில் கேரட்டும் பூண்டும் போட்டிருக்கிறோம். காலையில் இறங்கினால் மதியச் சாப்பாடு வரை வெளியில்தான் வேலை. இரண்டாவது பையன் பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்துவிட்டது. அவனுக்கு ஏழு மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறேன்.

அத்தை "பனியடித்துக் கறுத்திருக்கிறது, எலுமிச்சம்பழம் தேய்" என்கிறார். மதுரையில் இருக்கும் நாத்தனார் வைட்டமின் சி சீரம் போடச் சொல்கிறார். தேடிப் பார்த்தால் 250 ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை இருக்கிறது. 10 சதவீதம், 15, 20 என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டிலுக்கு 600 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. அதுவும் வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் வாங்குவேன்.

இன்னொன்று. ஒரு கடையில் கேட்டபோது ஒரு டியூப் கொடுத்து, ஒரே வாரத்தில் முகம் வெளுத்துவிடும் என்றார்கள். இன்னும் திறக்கவில்லை. போடலாமா?

பெருமாள்மலை தம்பி

அக்கா, வாங்குவதென்றால் 20 சதவீதமாகவே வாங்குங்கள். சதவீதம் கூடக் கூடச் சீக்கிரம் பலன் தெரியும். நான் 20தான் போடுகிறேன். கொஞ்சம் எரியும், ஆனால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மூஞ்சிக்கல் மருந்துக்கடை

தங்கச்சி, நான் மருந்தாளுநர். மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மாதிரி கன்னத்தோடு வாரத்துக்கு நாலு பேராவது என் கவுண்டரில் வந்து நிற்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டியூப். தயவுசெய்து திறக்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. ஒரு வாரத்தில் வெளுக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் எல்லோரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பழைய மங்கு இன்னும் கறுப்பாகத் திரும்பும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும். கல்யாணத்துக்கு முன்னால் போட ஆரம்பித்து விட முடியாமல் தவிக்கிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. அதே டியூபில் நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன், வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினோயின் என்றும் இருந்தால், பால் கொடுக்கும் நீங்கள் கிட்டவே போகாதீர்கள்.

எலுமிச்சையும் வேண்டாம். அதன் சாறு கடும் புளிப்பு, தோலை அரிக்கும். தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றால் எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கருந்தழும்பே போட்டுவிடும். வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துப் பூசுவதும் அப்படித்தான். அதில் சர்க்கரை, சாயம் எல்லாம் இருக்கும்.

அப்புறம் பனியடித்தது என்ற பேச்சு. பனி தோலை வறட்டும், வெடிக்க வைக்கும். கறுக்க வைப்பது வெயில்தான். நம் ஊர் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வேர்த்து ஒழுகும், நிழல் தேடி ஓடுவோம். இங்கே குளிர்காற்று அடிப்பதால் வெயில் உறைப்பதே தெரியாமல் மணிக்கணக்கில் நிற்கிறோம். உயரமும் தூசில்லாத வானமும் இருப்பதால்தானே 1899ல் சூரிய ஆய்வுக்கூடத்தை இந்த மலையில் கொண்டுவந்து வைத்தார்கள்? மெல்லிய மேகமும் மூடுபனியும்கூட இந்தக் கதிரை முழுதாகத் தடுக்காது.

சரி, சீரத்துக்கு வருகிறேன். வைட்டமின் சி இரண்டு வேலை செய்கிறது. தோலில் நிறமி உண்டாக்குகிற நொதியை அடக்குகிறது. வெயில் பட்டுத் தோலுக்குள் நடக்கும் சேதத்தைக் குறைக்கிறது. ஆனால் எல்லா பாட்டிலிலும் ஒரே பொருள் இல்லை. தூய வடிவத்துக்குப் பெயர் எல்-அஸ்கார்பிக் ஆசிட். ஆய்வு அதிகம் நடந்தது இதில்தான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழு 2001ல் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்தது. பி.எச். 3.5க்குக் கீழே, அதாவது நல்ல புளிப்பாக இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்குகிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே போகும் அளவு கூடவில்லை. 2005ல் அதே குழு, 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கலவையோடு அரை சதவீத ஃபெரூலிக் ஆசிட் சேர்த்தால் வெயிலிலிருந்து கிடைக்கும் காப்பு இரட்டிப்பாவதாகக் காட்டியது. பல ஆயிரம் ரூபாய் சீரங்கள் விற்பது இந்தக் கலவையைத்தான்.

பெருமாள்மலை தம்பி, 10 சதவீதத்திலேயே போதுமான வேலை நடக்கும். எரிச்சலைப் பலன் என்று எடுத்துக்கொள்ளாதே. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் எரிச்சல் கண்ட இடம் ஆறும்போது கறுத்துத்தான் ஆறும். மங்கு உள்ளவருக்கு அது இன்னும் ஆபத்து.

விலை குறைவான எல்-அஸ்கார்பிக்கில் என் பயம் வேறு. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்கு ஆகாது. நம் வீட்டு அலமாரி அதற்குச் சரியான இடம், சித்திரையிலேயே 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் அந்த பாட்டில் கீழே எத்தனை நாள் கிடங்கில் வெந்தது, மலையேறும் வண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? வந்ததும் வெள்ளைப் பஞ்சில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறமில்லாமலோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் சரி. வரக்காப்பி நிறத்தில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது கெட்டது, முகத்தில் சாயம் பிடிக்கவும் செய்யும்.

ஆகவே 600 ரூபாய்க்குள், பார்சலில் வாங்குகிறீர்கள் என்றால், ஈதைல் அஸ்கார்பிக் ஆசிட் 10 சதவீதம் உள்ளதைப் பாருங்கள். வைட்டமின் சியைக் கெடாதபடி கொஞ்சம் மாற்றிச் செய்த வடிவம் அது. எல்-அஸ்கார்பிக் அளவுக்கு ஆய்வு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சூட்டைத் தாங்கும், அவ்வளவு புளிப்பாக இருக்கத் தேவையில்லை, அதனால் எரிச்சலும் குறைவு. மினிமலிஸ்ட் கம்பெனியின் 10 சதவீதமும் பிளம் கம்பெனியின் 15 சதவீதமும் இந்த வகை. பெயரை மட்டும் நம்பாமல் லேபிளையும் படியுங்கள். பொருள் பட்டியல் அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாகப் போகும். வைட்டமின் சியின் பெயர் கடைசியில், வாசனைப் பொருளுக்கும் பின்னால் இருந்தால் அது பேருக்குச் சேர்த்தது. தயாரித்த தேதி பழசாக இருந்தால் தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் விடுங்கள். அடர் நிறக் கண்ணாடியோ காற்றுப் புகாத பம்ப்போ இருக்க வேண்டும். பெரிய பாட்டில் மலிவு என்று பார்க்காமல் சின்னதாக வாங்குங்கள். நாலைந்து சொட்டுதான் ஒரு வேளைக்கு, சின்னதே போதுமான நாள் வரும்.

மங்குக்கு வைட்டமின் சி மட்டும் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. உங்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு வந்திருக்கிறது, ஹார்மோன்தான் தூண்டியிருக்கும், வெயில் அதை வளர்க்கிறது. கருத்தடை மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா? எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் மங்கைக் கூட்டலாம். காப்பர் டி என்றால் ஹார்மோன் கிடையாது.

என்னைக் கேட்டால் அந்த 600ஐ முதலில் அகல விளிம்புத் தொப்பிக்கும் சன்ஸ்கிரீனுக்கும் கொடுங்கள். மீதி இருந்தால்தான் சீரம்.

கோத்தகிரி டீச்சர்

மூஞ்சிக்கல் அக்கா சொல்லும் பார்சல் விஷயம் முழு உண்மை. கோடையில் நான் வாங்கிய எல்-அஸ்கார்பிக் பாட்டில் மேட்டுப்பாளையம் வழியாக மேலே வந்து சேர்ந்தபோதே நல்ல மஞ்சள். அதே கம்பெனி, அதே சீரத்தை மார்கழியில் வாங்கினேன், தண்ணீர் மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் நெற்றியில் துண்டு கட்டுவார்கள், கன்னம் அப்படியே வெயிலுக்குத்தான். துண்டு போதாது, விளிம்பு வைத்த தொப்பிதான் வேண்டும்.

தோல் வெடித்திருக்கும் குளிர்காலத்தில் சீரத்தை நேராகப் போட்டால் சுள்ளென்று இருக்கும். முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சீரம் என்று மாற்றிப் போடுகிறேன், தாங்குகிறது. மாய்ஸ்சரைசருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றால், அதுதான் நம் மலையில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறதே!

கேரட்தோட்டம், வில்பட்டி

அக்கா, டியூபைப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மூன்றும் எழுதியிருக்கிறது. அத்தையிடமும் காட்டினேன், அவரே வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, காப்பர் டிதான்.

சன்ஸ்கிரீன் எவ்வளவு போட வேண்டும்? பையன் எந்நேரமும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்வான், அவனுக்கு ஒன்றும் ஆகாதே? சீரம் தவிர வேறு மருந்து ஏதாவது, பால் கொடுக்கும்போதே போடக்கூடியது இருக்கிறதா?

மூஞ்சிக்கல் மருந்துக்கடை

நல்லது தங்கச்சி. டியூபை யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். டியூபின் மேல் எஸ்.பி.எஃப் 30க்கு மேல், பி.ஏ. மூன்று பிளஸ் என்று இருக்கட்டும், இரண்டும் வெயில் காப்பின் அளவு. முடிந்தால் தோல் நிறச் சாயம் கலந்தது வாங்குங்கள். அதில் அயர்ன் ஆக்சைடு இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கறுக்க வைக்கும், அதை இந்தச் சாயம் தடுக்கும். வேர்க்கிற வேலை என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும். அப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம்கூட வராது, அது எனக்கும் தெரியும். அதனால்தான் தொப்பியை முதலில் சொன்னேன். களையெடுப்பை விடிந்ததும் வைத்துக்கொண்டு, பத்திலிருந்து மூன்று மணி வரை கேரட் தரம் பிரிப்பது மாதிரி வேலையைக் கொட்டகைக்குள் வைத்துக்கொள்ள முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

வேறு மருந்து கேட்டீர்கள். அசெலாயிக் ஆசிட் இருக்கிறது, மருந்துக்கடையில் 10, 20 சதவீத டியூபாகக் கிடைக்கும். மங்கில் 20 சதவீத அசெலாயிக், 4 சதவீத ஹைட்ரோகுயினோனுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வேலை செய்ததாக 1991ல் ஒரு ஆய்வு வந்தது, ஆறு மாதம் போட்டுப் பார்த்தார்கள். பால் கொடுக்கும் காலத்தில் தோல் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவதும் இதைத்தான். என்றாலும் நீங்களாக ஆரம்பிக்காமல் ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தனியார் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை, திண்டுக்கல், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. மங்கு மாதிரி தெரிவதெல்லாம் மங்கு இல்லை, நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

பையனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எதைப் போட்டாலும் காயும் வரை அவன் கன்னம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்குவதற்கு முன் கையைக் கழுவுங்கள். மார்புப் பக்கம் எதையும் தடவாதீர்கள்.

சீரம் வாங்கினால் முதலில் மூன்று நாள் காதுக்குப் பின்னால் மட்டும் போட்டுப் பாருங்கள். சிவக்காமல் இருந்தால் காலையில் முகம் கழுவியதும் சீரம், பிறகு மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். டாக்டர் அசெலாயிக் எழுதினால் அது ராத்திரிக்கு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள், எரிச்சல் வந்தால் எதனால் என்று தெரியாமல் போகும். மூன்று மாதம் வரை ஒன்றும் பெரிதாகத் தெரியாது, விட்டுவிடாதீர்கள். ஒரே ஜன்னல் பக்கம் நின்று மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டவுனுக்கு வரும்போது வாங்க நினைக்கிற சீரத்தின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.