12×10 அறையில் எச்ஓ மாடல் ரயில் லேஅவுட்: நடுவில் 8×4 மேசையா, சுவரோரமா?

தென்பாதை:
வணக்கம். சென்னையில் அடுக்குமாடி வீடு. 12 அடிக்கு 10 அடி அறை ஒன்று மாடல் ரயிலுக்கென்றே கிடைத்திருக்கிறது. கதவு 10 அடிச் சுவரின் நடுவில், வெளிப்பக்கம் திறக்கும். எச்ஓ அளவில் (1:87) திருநெல்வேலிப் பக்கத்து ஒற்றைப் பாதை, எதிரெதிர் வண்டிகள் விலகிப்போகும் கிராசிங் உள்ள சின்ன ஸ்டேஷன், செம்மண், பனைமரங்கள், டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின், ஐசிஎஃப் பெட்டிகள் (பெரம்பூர் ஆலையின் பழைய ரகப் பயணிகள் பெட்டி) என்பது திட்டம். 8×4 பிளைவுட் ஒன்றை அறை நடுவில் போட்டு 22 அங்குல ஆரத்தில் ஓவல் வரைந்து வைத்திருக்கிறேன். நான்கு சந்தேகங்கள்: ஐசிஎஃப் பெட்டி இந்த வளைவில் ஒழுங்காக ஓடுமா? பலகைக்கு எந்த மரம்? டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் டிஜிட்டல் கட்டளையில் தனித்தனியே ஓட்டும் முறை) தேவையா, சாதாரண டிசி போதுமா? ஜல்லியும் மண்ணும் நம் ஊர் மாதிரித் தெரிய எதைப் போடுவது?

லூப்லைன்:
மரம் வாங்குமுன் வளைவைத் தீர்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். ஐசிஎஃப் பெட்டியின் உடல் நீளம் 21.34 மீட்டர், 1:87-ல் 245 மிமீ. பெட்டி நீளத்தைப் போல் மூன்று மடங்கு ஆரம் இருந்தால்தான் நம்பி ஓட்டலாம் என்பது பழகிப்போன கணக்கு. 245ஐ மூன்றால் பெருக்கினால் 735 மிமீ, கிட்டத்தட்ட 29 அங்குலம். உங்கள் 22 அங்குலம் (559 மிமீ) 2.3 மடங்குகூடத் தாண்டவில்லை. ஓடாது என்று சொல்லவில்லை. தள்ளும்போது கப்ளிங் ஒரு பக்கம் இழுத்துப் பெட்டியைத் தூக்கிவிடும், ஸ்டேஷனில் ரிவர்ஸ் போட்டாலே தெரிந்துவிடும். பிற்பாடு எல்எச்பி (நீளம் கூடிய புது ரகப் பெட்டி) வாங்கும் ஆசை வந்தால் அது 270 மிமீ, கேட்பது 32 அங்குலம்.

வளைவில் பெட்டி எவ்வளவு வெளியே நீட்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஐசிஎஃப்-ல் போகி (அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர், மாடலில் 170 மிமீ. 30 அங்குல ஆரத்தில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் 4.7 மிமீ, முனைகள் வெளிப்பக்கம் 5.1 மிமீ நீட்டும். 22 அங்குலத்தில் இதுவே 6.5, 7. பெட்டி அகலம் 37 மிமீ. இரண்டு பாதை பக்கத்தில் பக்கத்தில் வளையும் இடத்தில் 30 அங்குலத்துக்கு மையத்திலிருந்து மையம் 58 மிமீ வையுங்கள். 52-ல் உரசாது, ஆனால் கையால் போட்ட ஃப்ளெக்ஸ் ட்ராக் (வளைக்கக்கூடிய பாதைத் துண்டு) எங்கேயாவது ஒரு மில்லி விலகியிருக்கும், அங்கே உரசும்.

ஆகவே மேசை வேண்டாம், சுவரோரம் சுற்றித் தட்டு போடுங்கள். மூலைகளில் 30 அங்குல ஆரம், சுவருக்கும் பாதை மையத்துக்கும் 3 அங்குலம் இடைவெளி என்றால் ஒவ்வொரு மூலையும் 33 அங்குலம் தின்னும். 12 அடிச் சுவரில் 78 அங்குலம் நேராகக் கிடைக்கும், 10 அடிச் சுவரில் 54. தட்டின் அகலம் நேரான இடத்தில் 18 அங்குலம், ஸ்டேஷனில் 24 போதும். நடுவில் நின்று ஓட்ட தாராளமாக இடம் இருக்கும்.

ஸ்டேஷன் 12 அடிச் சுவரில்தான் வரவேண்டும். கப்ளிங்கோடு ஒரு பெட்டி 256 மிமீ, எஞ்சின் 197. நான்கு பெட்டி வண்டி 1221 மிமீ, ஐந்து பெட்டி 1477. 78 அங்குலம் என்பது 1980 மிமீ. லூப்பின் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) ஒவ்வொரு முனையிலும் பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) நுனியிலிருந்து வண்டி நிற்கக்கூடிய இடம் வரை சுமார் 300 மிமீ போய்விடும், மிச்சம் 1380. நான்கு பெட்டி வண்டிகள் நிம்மதியாகக் கிராசிங் செய்யும். ஐந்து வேண்டுமென்றால் ஒரு முனையில் வளைவுப் பாயிண்ட் போட்டு லூப்பை மூலைக்குள் இழுங்கள். பெக்கோ நிறுவனத்தின் வளைவுப் பாயிண்ட் பெயரளவில் உள்ளே 30, வெளியே 60 அங்குல ஆரம், உங்கள் கணக்குக்குப் பொருந்துகிறது. நேர்பாயிண்ட் மீடியம் (36 அங்குலம்) போதும், ஸ்மால் (24) இந்த வண்டிக்கு வேண்டாம்.

நேரிலிருந்து வளைவுக்குள் சடாரென்று நுழையாதீர்கள். வளைவை நேர்கோட்டிலிருந்து 12 மிமீ உள்ளே தள்ளி வரைந்து, 18 அங்குல நீளத்துக்கு ஒரு மெல்லிய மர ரீப்பரை வளைத்து இரண்டையும் சேருங்கள். ரீப்பர் தானாக எடுக்கும் வளைவுதான் உங்களுக்கு வேண்டியது.

கதவுக்கு நேரே 32 அங்குலம் தூக்கி எடுக்கும் பாலம். தட்டின் உயரம் தரையிலிருந்து 48 அங்குலம் வைத்தால் அவசரத்துக்குக் குனிந்தும் போகலாம். பாலத்தின் இரு முனையிலும் பித்தளைத் தாழ்ப்பாள் போடுங்கள். பாதையை நேராகப் பிடிப்பதும் அதுவே, மின்சாரம் கடத்துவதும் அதுவே. பாலத்துக்கு இருபுறமும் ஒரு முழு வண்டி நீளத்துக்குப் பாதையைத் தனித் துண்டாக வெட்டி, தாழ்ப்பாள் போட்டால்தான் அங்கே மின்சாரம் வரும்படி செய்யுங்கள். எஞ்சின் முன்னால் இழுத்தாலும் பின்னால் தள்ளினாலும் துண்டுக்குள் வந்ததும் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஒருநாள் அது 48 அங்குலத்திலிருந்து தரைக்கு வரும்.

கூட்ஸ்_கார்டு:
8×4-ஐ அப்படியே தள்ளிவிடத் தேவையில்லை. பாக்ஸ்-என் சரக்கு வேகன் 10.7 மீட்டர், மாடலில் 123 மிமீதான். 22 அங்குலத்தில் கவலையே இல்லாமல் ஓடும். சரக்கு வண்டியும் சைடிங்கும் மட்டும் என்றால் மேசை நன்றாகவே அமையும். ஆனால் இவர் கேட்பது பயணிகள் வண்டி, அதற்கு லூப்லைன் சொன்னதுதான் சரி. கூடவே ஒன்று: பெட்டியின் எடை. எச்ஓ-வுக்கு என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரை 1 அவுன்சோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். 245 மிமீ பெட்டிக்கு 165 கிராம் வருகிறது. கையால் கட்டிய பெட்டிகள் பலவும் இதில் பாதிகூட இருக்காது, அதுதான் பாயிண்டில் இறங்கும். எடையைப் பெட்டியின் தரையோடு ஒட்டுங்கள், மேலே ஏற்றினால் வளைவில் சாயும்.

தச்சுமேடை:
மரம் பற்றி. பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் சென்னையில் இதற்கு ஆகாது, ஓரம் ஈரம் குடித்து உப்பிவிடும், திருகு பிடிக்காது. 12 மிமீ பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட் (ஐஎஸ் 710 முத்திரை உள்ளது) ஒரு 8×4 தாள் வாங்கி, கடையிலேயே 4 அங்குலப் பட்டைகளாக அறுத்து வாங்குங்கள். அவற்றைச் செங்குத்தாக நிறுத்திச் சட்டம், குறுக்குச் சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று. மேலே பாதை போகும் இடத்துக்கு மட்டும் இன்னொரு தாளிலிருந்து 12 மிமீ. ஒட்டும் முன் ஆறு பக்கமும் வுட் பிரைமர் இரண்டு கோட். மேல்பக்கம் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஈரம் வாங்கிப் பலகை வில்லாக வளையும்.

தண்டவாளம் வெயிலில் நீளுகிறது என்பார்கள். கணக்குப் போடுங்கள்: நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீட்டர், 20 டிகிரி மாற்றம், நீட்சி 1 மில்லி. அவ்வளவுதான். உண்மையான வில்லன் மரம். ஏசி போட்ட அறையில் காற்று காய்ந்து சட்டம் சுருங்கும், தண்டவாளம் சுருங்காது, வேறு வழியின்றி பக்கவாட்டில் நெளியும். மழைக்காலத்தில் போட்ட பாதை கோடையில் நெளிவது இதனால்தான். பாதை போடும்போது ஜாயினரில் (இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும் உறை) அரை மில்லி இடைவெளி விடுங்கள், ஒரு தடித்த விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. வளைவில் மட்டும் இரண்டு ஃப்ளெக்ஸ் ட்ராக்கை நேராக வைத்துச் சால்டர் செய்துவிட்டுப் பிறகு வளையுங்கள், இல்லையென்றால் இணைப்பில் முனை கிளம்பும். நேரான இடத்து ஜாயினர்களைச் சால்டர் செய்யாதீர்கள்.

பாதைக்கு அடியில் 5 மிமீ கார்க். தண்டவாளம் எடுக்கும்போது கோட் 75 எடுங்கள், உயரம் 1.9 மிமீ. நம் ரயில்வேயின் 60 கிலோ (ஒரு மீட்டருக்கு) தண்டவாளத்தின் உயரம் 172 மிமீ, மாடலில் 1.98. கோட் 100 (2.54 மிமீ) பார்த்தாலே பருமன் தெரியும். பழைய இரும்பு ரயில் பாதை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், கடற்கரை ஊரில் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும்.

தென்பாதை:
சுவரோரம் என்று முடிவு செய்துவிட்டேன். அகலப்பாதை 1676 மிமீ, 87-ஆல் வகுத்தால் 19.3. பெக்கோ பாதை 16.5. இது உறுத்தாதா? அப்புறம் வயரிங் யாராவது சொல்லுங்கள். ஏசி இரவில் மட்டும்தான் ஓடும்.

தச்சுமேடை:
இரவில் மட்டும் ஏசி என்றால் தினமும் ஒரு சுற்று சுருங்கி விரியும், இடைவெளியைக் குறைக்காதீர்கள். பிரைமரை இன்னும் ஒரு கோட்.

ஃபீடர்:
16.5 நேராக முன்னாலிருந்து பார்த்தால் தெரியும், பக்கத்திலிருந்து தெரியாது. 19.3-ல் போனால் ஒவ்வொரு பாயிண்டையும் கையால் கட்ட வேண்டும், எல்லாச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். முதல் லேஅவுட்டுக்கு வேண்டாம்.

ஒரே வண்டி என்றால் டிசி போதும். கிராசிங்கில் ஒரு வண்டி நிற்க இன்னொன்று வரவேண்டுமென்றால் டிசி-யில் பாதையைப் பிளாக் பிளாக்காக வெட்டி சுவிட்ச் போடணும். டிசிசி அந்தத் தொல்லையைத் தீர்க்கும். செலவைக் குறைக்க ஆர்டுயினோ மெகா போர்டும் அதன்மேல் பொருந்தும் ஆர்3 மோட்டார் ஷீல்டும் வாங்கி டிசிசி-இஎக்ஸ் மென்பொருளை ஏற்றலாம். ஷீல்டின் அடியில் 'வின் கனெக்ட்' என்ற சின்ன இணைப்பைக் கத்தியால் வெட்டியே ஆகவேண்டும். மறந்தால் பாதைக்குக் கொடுக்கும் 14 வோல்ட் மெகாவுக்குள்ளும் போகும்.

பஸ் வயர் (தட்டுக்கு அடியில் ஓடும் முதன்மைக் கம்பி) அறையைச் சுற்றி 13.4 மீட்டர். நடுவில் மின்சாரம் கொடுத்தால் தூரமான இடம் 6.7 மீட்டர், போக வர 13.4. 1.5 சதுர மிமீ செம்புக் கம்பியில் மின்தடை 0.16 ஓம், 3 ஆம்பியரில் அரை வோல்ட்தான் விழும், போதும். இரண்டு முனையையும் சேர்த்து வளையமாக்காதீர்கள், கதவுக்கு எதிரே நடுவில் தொடங்கிப் பாலத்தில் முடியட்டும். ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் ட்ராக் துண்டுக்கும் (914 மிமீ) ஒரு ஜோடி 0.5 சதுர மிமீ ஃபீடர் (பஸ் வயரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் கிளைக் கம்பி), 30 செமீ-க்கு மேல் நீளம் வேண்டாம். ஜாயினரை நம்பி மின்சாரம் கடத்தினால் ஆறு மாதத்தில் பாதி இடத்தில் எஞ்சின் திக்கும்.

முடித்ததும் நாணயச் சோதனை: பாதையில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். உடனே ட்ரிப் ஆகவேண்டும். ட்ரிப் ஆகாத இடத்தில் ஃபீடர் சரியில்லை, அங்கே வண்டி தடம் புரண்டால் சக்கரமும் போகியும் உருகும்.

எலக்ட்ரோஃப்ராக் பாயிண்டில் ஃப்ராக்கிலிருந்து (தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூக்கு, இந்த ரகத்தில் மின்சாரம் கடத்தும் உலோகம்) கிளம்பும் இரண்டு உள்தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் கட்டாயம். பாயிண்ட் திருப்பினதும் ட்ரிப் ஆனால் முதலில் அங்கே பாருங்கள். திருப்ப எஸ்ஜி90 சர்வோ (சின்ன மோட்டார்) போதும். பெக்கோ பாயிண்டில் உள்ள சின்ன ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சர்வோவோடு மல்லுக்கட்டும். சர்வோக்களுக்கு 5 வோல்ட் தனி சப்ளை, ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுத்தால் சர்வோ திணறும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகும். தரை வயரை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்குங்கள்.

செம்மண்:
ஜல்லி: நம் ரயில்வே ஜல்லி பெரும்பாலும் 20–65 மிமீ, மாடலில் 0.25–0.75 மிமீ. எம்-சாண்டை இரண்டு சல்லடையில் சலித்து நடுவில் நிற்பதை எடுங்கள், கழுவிக் காயவைத்து, மேலே காந்தத்தை உருட்டுங்கள். காந்தத்தில் ஒட்டுகிற பொடி எஞ்சின் மோட்டாருக்குள் ஏறும் பொடி. செம்மண்ணுக்கும் இதே. திருநெல்வேலிப் பக்கத் தேரிமண் கிடைத்தால் டீ வடிகட்டியில் சலித்து, வாணலியில் நன்றாக வறுத்துவிடுங்கள், பூஞ்சையும் பூச்சியும் போகும்.

ஜல்லி போடுமுன் தண்டவாளத்தின் பக்கத்தைத் துருநிறத்தில் அடித்து, மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். ஸ்லீப்பர் மட்டத்துக்குக் கீழே ஜல்லி நிற்கட்டும். முதலில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து நனைத்து, பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. நனைக்காமல் பசையை விட்டால் உருண்டையாக உருண்டு ஜல்லியை இழுத்துக்கொண்டு போகும். பாயிண்ட் நாக்கு அருகே ஜல்லியைப் பசையில்லாமல் வையுங்கள். மழைக்காலத்தில் காய இரண்டு நாள்.

பிளாட்ஃபார்ம் உயரம்: நம் உயர் மட்டம் 760–840 மிமீ, மாடலில் 9 மிமீ எடுங்கள். ஓரத்தைப் பாதை மையத்திலிருந்து 21 மிமீ தள்ளி வையுங்கள், வளைவு வருகிற முனையில் 26. அளவுப்படி 19 வரும், பெட்டியின் பாதி அகலமே 18.7, ஆடினால் உரசும்.

பனைமரத்தை 15 மீட்டராக வைத்தால் 172 மிமீ. 4 மிமீ மூங்கில் குச்சி, அடியில் கொஞ்சம் பருக்க இரண்டு சுற்று நூல், மேலே சாம்பல் கலந்த கறுப்பு. ஓலைக்கு 28 மிமீ வட்டக் காகிதம், பாதி வட்டத்துக்கு ஆழமாகக் கீறி விசிறியாக மடிப்பு. மரத்துக்கு இருபத்தைந்து ஓலை, கீழ் ஐந்து ஆறை வைக்கோல் நிறத்தில் தொங்கவிடுங்கள். எல்லா ஓலையையும் பச்சையாக மேல்நோக்கி வைத்தால் பனை போலவே இருக்காது. வரிசையாக நடாமல் இரண்டு மூன்றாகக் கூட்டி, உயரத்தில் ஒன்றுக்கொன்று 20, 30 மில்லி மாற்றுங்கள். சீமைக்கருவேலத்துக்குக் காய்ந்த துளசித் தண்டு கிளையமைப்பிலேயே பொருந்தும், அதையும் வறுத்துவிட்டுத்தான் வைக்கணும்.

தென்பாதை:
பாலத்துக்குத் தாழ்ப்பாள் என்றால் கதவுக்குப் போடுகிற சாதாரண ரகமா? தண்டவாள மட்டம் சேருமா?

லூப்லைன்:
6 அங்குல டவர் போல்ட், பித்தளை ரகம். மட்டத்தை அது தராது, பக்கவாட்டை மட்டுமே பிடிக்கும். மட்டத்துக்கு இரு முனையிலும் சட்டத்தில் ஒரு எல்-பட்டி தாங்கலாக வைத்து, பாலத்தின் அடியில் நான்கு எம்6 போல்ட்டைத் திருகி ஏற்றி இறக்கி ரயிலைச் சேருங்கள். பாதையைப் பாலத்தின் மேல் நீளமாகவே ஓட்டி, ஓரத்தில் ஸ்லீப்பரின் இடத்தில் செம்பு பூசிய சர்க்யூட் போர்டுத் துண்டுகளுக்கு ரயிலைச் சால்டர் செய்து (நடுவில் செம்பைக் கீறிப் பிரிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ஷார்ட்), எல்லாம் இறுகியபின் மெல்லிய ரம்பத்தால் தண்டவாளத்தை வெட்டுங்கள். வெட்டும் கோட்டைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டால் பாலத்தைத் தூக்கும்போது முனை இடிக்காது.